துயருக்குப் பின் பள்ளிக்கூடம்

பள்ளிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர், பள்ளி தொடங்கிய ஆண்டு, கட்டடம் எழுந்த ஆண்டு, தேர்வில் பெற்ற வெற்றி, விளையாட்டில் பெற்ற கேடயம் ஆகியவற்றையே பெரும்பாலும் எழுதுவர். பள்ளியின்மேல் பெருந்துயர் ஒன்று விழுந்த நாளைப் பற்றி எழுதுவோர் சிலர். அந்நாளுக்கு மறுநாள் அப்பள்ளியில் என்ன நடந்தது என்று எழுதுவோர் அவரினும் சிலரே.

ஆயினும், ஆசிரியர்க்கு உரிய கடுஞ்சோதனை அந்த மறுநாளில்தான் தொடங்குகிறது. வருகைப் பதிவேட்டைத் திறந்தால் இறந்த பிள்ளையின் பெயர் அதில் இருக்கிறது. அதனைப் படிப்பதா, விட்டுவிடுவதா? வெறுமையாய்க் கிடக்கும் நாற்காலியை எடுத்துவிடுவதா, அப்படியே வைப்பதா? தங்கையை இழந்த சிறுவன் கணக்குப் பாடத்தின் நடுவே அழுதால் பாடத்தை நிறுத்துவதா, தொடர்வதா? வகுப்பெடுக்கும் ஆசிரியரே தம் மகனை இழந்தவராயின் அவரைத் தேற்றுவது யார்?

இவ்வினாக்களுக்கு விடை காண உலகம் நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. அவ்விடைகள் நூலகத்தில் அமர்ந்து எண்ணிக் கண்டவையல்ல. சில ஊர்கள் தம் பிள்ளைகளைப் பறிகொடுத்துக் கற்றவை. அவ்வரலாற்றின் சில பகுதிகளை அறிந்து வைத்தல் ஆசிரியத் தொழில் புரியும் எவர்க்கும் பயன் தருவதாகும்.

பத்து நாளில் திறந்த பள்ளி

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்பது ஓர் எண்ணெய் வயல் ஊர். எண்ணெய்ச் செல்வத்தால் அவ்வூர்ப் பள்ளி அந்நாளில் செல்வமிக்க நாட்டுப்புறப் பள்ளிகளுள் ஒன்றாக விளங்கியது. செலவைக் குறைக்கக் கருதிய பள்ளி வாரியம், 1937-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், விலைக்கு வாங்கிய எரிவாயுவை நிறுத்திவிட்டு, எண்ணெய்க் கிணறுகளில் எஞ்சும் வாயுவைக் குழாய் வழியே எடுத்துக்கொள்ளலாயிற்று. அவ்வாயுவுக்கு மணமில்லை. கட்டடத்தின் அடியில் அது கசிந்து நிறைந்ததை எவரும் அறியவில்லை. 1937 மார்ச் 18 அன்று, பிற்பகலில் பள்ளி விடும் நேரத்திற்குச் சற்று முன், தொழிற்பயிற்சி அறையில் இயந்திரமொன்றை இயக்கியபோது எழுந்த பொறி அதனைப் பற்றவைத்தது. கட்டடம் எழும்பிச் சரிந்தது. ஏறத்தாழ முந்நூறு பேர் மாண்டனர். அவருள் மிகப் பலர் மாணவர்.

அதன் பின்னர் நிகழ்ந்தவை இரு வகையின. ஒரு பக்கம், அரசு விரைந்து செயற்பட்டது. மணமற்ற எரிவாயுவோடு நாற்றமுடைய பொருளைக் கலக்க வேண்டுமென டெக்சஸ் மாநிலம் சட்டம் இயற்றியது. அவ்வழக்கம் பின்னர் உலகெங்கும் பரவியது. இன்று அடுப்பங்கரையில் எரிவாயு கசிந்தால் மூக்கு அறிவதற்கு அப்பிள்ளைகளின் சாவும் ஒரு காரணம் எனலாம். மறு பக்கம், எஞ்சிய மாணவர்க்குப் பத்து நாள் கழித்து மீண்டும் வகுப்புகள் தொடங்கின. கிடைத்த இடங்களில் அமர்ந்து பிள்ளைகள் பாடம் படித்தனர். பள்ளிக் கண்காணிப்பாளரும் அவ்வெடிப்பில் தம் மகனை இழந்தவரே. அவர்மேலும் ஊரார் சினம் கொண்டனர். அவர் பதவி விலகினார்.

உணவு தரவும் உடை தரவும் அடக்கம் செய்யவும் உதவினோர் பலர். உள்ளத்தைப் பற்றிக் கேட்கும் ஏற்பாடு எதுவும் அக்காலத்தில் இல்லை. 'நடந்ததைப் பேசாதிருத்தலே நலம்' என்று ஊர் முழுவதும் வாய் மூடியது. 1939-இல் பள்ளிக்கு எதிரே கல்லாலான நினைவுச் சின்னம் எழுந்தது. பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டன. ஆனால் தப்பிப் பிழைத்த மாணவர் முதன்முறையாக ஒன்றுகூடியது 1977-ஆம் ஆண்டில்தான். நாற்பது ஆண்டு மௌனத்திற்குப் பின், முதியோராகும் பருவத்தில், அவர்கள் தம் தோழரைப் பற்றிப் பேசத் தொடங்கினர். பள்ளி பத்து நாளில் திறந்தது. வாய் திறக்க நாற்பது ஆண்டு ஆயிற்று.

துயரை ஆராய்ந்த மருத்துவர்

துயரத்தை ஒரு நோய்போல் மறைக்கும் பழக்கத்தை அறிவுலகம் மாற்றத் தொடங்கியதற்கு இன்னொரு பெருந்தீ காரணமாயிற்று. 1942 நவம்பர் 28 அன்று பாஸ்டன் நகரின் கோகோனட் குரோவ் என்னும் கேளிக்கை விடுதி எரிந்து 492 பேர் இறந்தனர். தப்பியோரையும் இறந்தோரின் உறவினரையும் எரிக் லிண்டமன் என்னும் மனநல மருத்துவர் ஆராய்ந்து 1944-இல் தம் முடிபுகளை வெளியிட்டார். துயருறுதல் ஒரு பணி. அப்பணியைச் செய்யாமல் தள்ளிவைப்போர்க்கு அது வேறு வடிவில் திரும்பி வரும் என்பது அவர் கருத்தின் சாரம். அழுகையும் உறக்கமின்மையும் குற்றவுணர்வும் பைத்தியத்தின் அறிகுறிகள் அல்ல, இழப்பின் இயல்பான விளைவுகள் என அவர் விளக்கினார். மருத்துவர் வருமுன்பே சமயத் தலைவர் போன்ற ஊரார் இதில் உதவலாம் என்றும் அவர் எழுதினார். ஆசிரியர்க்கு இப்பணியில் இடமுண்டு என்னும் எண்ணத்திற்கு வித்து அங்கேயே உள்ளது.

ஆயினும், இவ்வறிவு மருத்துவமனையிலிருந்து பள்ளிக்கூடம் வந்து சேர நெடுநாள் ஆயிற்று. அதற்குள் அபர்வானில் மலை சரிந்தது.

அபர்வான்

வேல்ஸ் நாட்டின் தென்பகுதியில் அபர்வான் என்னும் சுரங்கத் தொழிலாளர் ஊர் இருக்கிறது. ஊருக்கு மேலே மலைச்சரிவில், மெர்தர் வேல் நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவுகளைக் குன்று குன்றாய்க் குவித்து வந்தனர். ஏழாம் எண் மேட்டை 1958-இல் தொடங்கியபோது அது நீரூற்றின்மேல் அமைந்தது. 1963-இல் நகராட்சிப் பொறியாளர் பள்ளிக்குப் பின்னுள்ள கழிவினால் வரக்கூடிய ஆபத்தைப் பற்றிக் கடிதம் எழுதினார். 1964-இல் நகர மன்ற உறுப்பினர் ஒருவர், மேடு நகர்ந்தால் பள்ளிக்கே ஆபத்து என எச்சரித்தார். 1965-இல் தாய்மார் சிலர், பள்ளியருகே பெருகும் வெள்ளம் குறித்துத் தலைமையாசிரியை வழியாக முறையீடு கொடுத்தனர்.

1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை. மறுநாள் முதல் இடைவிடுமுறை. பிள்ளைகள் வகுப்பில் அமர்ந்த சிறிது நேரத்தில், 9.15 மணியளவில், மழைநீர் ஊறிய மேடு குழம்பாய் இறங்கிப் பான்ட்கிளாஸ் தொடக்கப் பள்ளியின்மேலும் அருகிலிருந்த வீடுகளின்மேலும் விழுந்தது. 144 பேர் மாண்டனர்; அவருள் 116 பேர் குழந்தைகள். தலைமையாசிரியை உட்பட ஆசிரியர் ஐவர் தம் மாணவரோடு மாண்டனர். பள்ளிப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் அன்று மறைந்தனர். முற்பகல் பதினொரு மணிக்குப் பின் எவரையும் உயிரோடு மீட்க முடியவில்லை.

உலகெங்கிலுமிருந்து பணம் குவிந்தது. அறநிதிக்கு வந்த தொகை ஏறத்தாழ 17½ இலட்சம் பவுன். ஆனால் பணம் வேறு, ஆதரவு வேறு என்பதை அபர்வான் காட்டிற்று. பிள்ளையை இழந்த பெற்றோர்க்கு நிலக்கரி வாரியம் தந்தது பிள்ளை ஒன்றுக்கு 500 பவுன். நிதியிலிருந்து தொகை வழங்குமுன், பெற்றோர் இறந்த பிள்ளையோடு எவ்வளவு நெருக்கமாக இருந்தனர் என ஆராய வேண்டும் என்ற யோசனைகூட மேலிடத்தில் எழுந்தது. மலைமேல் எஞ்சியிருந்த மேடுகளை அகற்றுமாறு ஊரார் மன்றாடினர். அகற்றும் செலவில் 1,50,000 பவுனை அந்த அறநிதியிலிருந்தே 1968-இல் எடுத்துக்கொண்டனர். அத்தொகை 1997-இல்தான் வட்டியின்றித் திருப்பித் தரப்பட்டது. 2007-இல் வேல்ஸ் அரசு மேலும் இருபது இலட்சம் பவுன் வழங்கி அக்கறையைக் கழுவ முயன்றது.

உயிர் தப்பிய பிள்ளைகளின் நிலை என்ன? இவ்விடத்தில் அபர்வானின் வரலாறு ஆசிரியர்க்கு நேரே பாடமாகிறது. தெருவில் ஓடி விளையாடினால், பிள்ளையை இழந்த தாய் சன்னலில் நின்று பார்ப்பாள். அவள் முகத்தைக் காண அஞ்சிப் பிள்ளைகள் விளையாட்டை விட்டனர். உயிரோடிருப்பதே ஒரு குற்றம்போல் அவர்க்குத் தோன்றிற்று. தப்பிய பிள்ளைகளைப் பார்த்துவந்த கேனர் லேசி என்னும் மருத்துவ அம்மையார், இடர்ப்பாடுற்ற 56 பிள்ளைகளைப் பற்றி 1972-இல் எழுதினார். உறக்கமின்மை, நடுக்கம், நட்பு இன்மை, பள்ளி செல்ல மறுத்தல், படுக்கை நனைத்தல் ஆகியவை அவர்களிடம் மிகுந்திருந்தன. தாமாக வாய் திறந்து தம் அனுபவத்தைச் சொன்ன பிள்ளைகள் மிகச் சிலர். அஞ்சும் பெற்றோரின் பிள்ளைகள் அஞ்சினர். வீட்டில் துயரைப் பேச முடிந்த பிள்ளைகள் ஓரளவு தேறினர்.

முப்பத்துமூன்று ஆண்டுகள் கழிந்தபின் ஆராய்ச்சியாளர், அன்று பிள்ளைகளாயிருந்தோருள் 41 பேரைக் கண்டு ஆராய்ந்தனர். முடிபு 2003-இல் வெளிவந்தது. அவருள் 46 விழுக்காட்டினர் வாழ்வில் ஏதோ ஒரு காலத்தில் அதிர்ச்சிப் பின்னோய்க்கு ஆளானவர். 29 விழுக்காட்டினர்க்கு அந்நோய் ஆராயப்பட்ட நாளிலும் நீங்கவில்லை. எட்டு வயதில் கண்ட காட்சி, நாற்பது வயதைக் கடந்த மனிதரின் உறக்கத்தில் மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருந்தது.

பிள்ளைகள் மறந்துவிடுவார்கள் என்னும் நம்பிக்கை

'சிறுபிள்ளைதானே, மறந்துவிடும்' என்பது எல்லா நாட்டிலும் பெரியோர் சொல்லும் ஆறுதல். அது பிள்ளைக்குச் சொல்லும் ஆறுதலன்று. பெரியோர் தமக்கே சொல்லிக்கொள்ளும் ஆறுதல். இந்நம்பிக்கையை உடைத்தது 1976-இல் கலிபோர்னியாவின் சௌசில்லா ஊரில் நடந்த நிகழ்ச்சி. ஜூலை 15 அன்று பள்ளிப் பேருந்தோடு 26 பிள்ளைகளும் ஓட்டுநரும் கடத்தப்பட்டு, மண்ணுக்கடியில் புதைத்த வண்டியொன்றில் அடைக்கப்பட்டனர். பல மணி நேரம் கழித்து அவர்கள் தாமே வழி தோண்டி வெளிவந்தனர். ஒருவரும் இறக்கவில்லை, உடலில் பெருங்காயமும் இல்லை. பாதிப்பு ஒரு பிள்ளைக்கு நேர்ந்தால் நேரலாம் என்று ஊராரிடம் மருத்துவர் ஒருவர் அப்போது கூறினாராம்.

லெனோர் டெர் என்னும் மனநல மருத்துவ அம்மையார் அப்பிள்ளைகளை அடுத்த ஆண்டிலும், நான்கைந்து ஆண்டுகள் கழித்தும் கண்டு பேசினார். பாதிப்பில்லாத பிள்ளை ஒருவரையும் அவர் காணவில்லை. சிலர் கடத்தல் விளையாட்டையே திரும்பத் திரும்ப விளையாடினர். அவ்விளையாட்டில் மகிழ்ச்சி இல்லை. சிலர், தாம் வளர்ந்து பெரியவராவோம் என்றே நம்பவில்லை. எதிர்காலம் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் வெற்றுத்தாள் தரும் பிள்ளையை 'சோம்பேறி' என்று ஏசும் ஆசிரியர், இச்செய்தியை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று.

முன்னரே எண்ணி வைத்தல்

அபர்வான் துயர் நிகழ்ந்து சரியாக இருபத்திரண்டாண்டு நிறைவுற்ற நாளில், 1988 அக்டோபர் 21 அன்று, 'ஜூபிடர்' என்னும் கப்பல் கிரேக்க நாட்டின் பிரேயஸ் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. அதில் கல்விச் சுற்றுலாவாக வந்த பிரித்தானிய மாணவரும் ஆசிரியரும் நானூற்றுக்கு மேற்பட்டோர் இருந்தனர். துறைமுகத்தைத் தாண்டியதும் சரக்குக் கப்பல் ஒன்று மோதியது, 'ஜூபிடர்' மூழ்கியது. மாணவி ஒருவரும் ஆசிரியர் ஒருவரும் மறைந்தனர். மீட்க வந்த கிரேக்கர் இருவர் உயிரிழந்தனர். ஏனையோர் பிழைத்து ஊர் திரும்பினர்.

ஊர் திரும்பிய மாணவர் பல பள்ளிகளுக்குப் பிரிந்து சென்றனர். ஒரே துயரைக் கண்ட மாணவர். ஆனால் அவர்களை எதிர்கொண்ட பள்ளிகள் வேறு வேறு. சில பள்ளிகள் உதவியாளரை அழைத்துக் கூட்டம் நடத்தின. சில, நடந்ததை மறந்து பாடத்தில் கருத்தூன்றுமாறு கூறின. வில்லியம் யூல் என்னும் உளநூல் அறிஞர் இம்மாணவரை ஆராய்ந்து, உதவி கிடைத்த பள்ளியின் பிள்ளைகள் ஓரளவு விரைந்து தேறியதைக் கண்டார். பள்ளி நடந்துகொள்ளும் முறையே மருந்தாகவோ நஞ்சாகவோ ஆகக்கூடும் என்பது இதனால் விளங்கிற்று.

யூலும் ஆன் கோல்டு என்பவரும் சேர்ந்து 1993-இல் பள்ளிகளுக்கென ஒரு கைந்நூல் எழுதினர். 'நிகழுமுன்னே அறிவுடையராதல்' என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டனர். பெயரிலேயே அதன் கருத்து அடங்கியிருக்கிறது. துயர் வந்தபின் கூடிப் பேசித் திட்டம் வகுக்க ஆசிரியர்க்கு நேரமும் இராது, தெளிவும் இராது. யார் பெற்றோர்க்குச் செய்தி சொல்வது, யார் செய்தித்தாளாரோடு பேசுவது, யார் தொலைபேசியருகே இருப்பது, இறந்த பிள்ளையின் வகுப்புக்கு யார் போய் என்ன சொல்வது ஆகியவற்றை அமைதியான நாளில் எழுதி வைக்க வேண்டும் என்பதே அக்கருத்து.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பேசுதல் நன்று எனக் கண்டபின், எல்லாரையும் உடனே பேசவைத்தல் அதனினும் நன்று எனச் சிலர் கருதினர். துயர் நிகழ்ந்த ஓரிரு நாளிலேயே அனைவரையும் அமர்த்தி, கண்டதையும் உணர்ந்ததையும் ஒரே அமர்வில் சொல்லவைக்கும் முறை 1980-களில் பரவியது. பின்வந்த ஆராய்ச்சிகள் அம்முறை பிற்கால நோயைத் தடுப்பதாகக் காட்டவில்லை. சிலர்க்குத் தீங்கு நேர்ந்ததாகவும் ஐயம் எழுந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு வேறு வழியைக் கூறுகிறது. முதலில் பாதுகாப்பு, உணவு, உறவினரோடு சேர்த்தல், பின்னர், பேச விரும்பினால் கேட்டல், விரும்பாதாரை வற்புறுத்தாமை. நியூ லண்டன் வாயை மூடிற்று. பின்வந்தோர் வாயைப் பலவந்தமாய்த் திறக்க முயன்றனர். இரண்டும் பிழை. கதவைத் திறந்து வைத்துக் காத்திருத்தலே முறை.

ஹியோகோவின் ஆசிரியர்

1995 ஜனவரி 17 விடியற்காலையில் ஜப்பானின் கோபே நகரையும் அதனைச் சூழ்ந்த ஹியோகோ மாநிலத்தையும் நிலநடுக்கம் தாக்கிற்று. 6,434 பேர் மாண்டனர். வீடிழந்த மூன்று இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் தங்கிய இடங்களுள் பள்ளிகளே முதன்மையானவை. வகுப்பறைகளில் குடும்பங்கள் படுத்துறங்கின. ஆசிரியர்கள் சோறு பகிர்ந்தனர், குடிநீர் சுமந்தனர், கழிவறை துப்புரவு செய்தனர், பிணங்களையும் காத்தனர். தம் வீடு இடிந்த ஆசிரியரும் அவ்வாறே உழைத்தனர்.

பள்ளிகள் மீண்டும் தொடங்கியபின் ஹியோகோ கல்வித்துறை செய்த ஏற்பாடு கருதத்தக்கது. பாதிப்புற்ற பிள்ளைகளைக் கவனிப்பதற்கென்றே பள்ளிகளுக்குக் கூடுதல் ஆசிரியரை அனுப்பிற்று. அவர்கள் வெளியிலிருந்து வந்து போகும் மருத்துவரல்லர். பள்ளியிலேயே இருந்து, வீடு வீடாகச் சென்று, பிள்ளைகளோடு உண்டு விளையாடிக் கவனித்தவர். கவனிப்பு வேண்டிய பிள்ளைகளின் தொகையை ஆண்டுதோறும் கணக்கெடுத்தனர். ஓராண்டில் குறையுமென எதிர்பார்த்தது குறையவில்லை. ஆண்டுகள் சில சென்றும் எண்ணிக்கை இறங்கவில்லை. நிலம் நடுங்கியது சில வினாடிகளே. அதன்பின் வந்த வேலையிழப்பு, தற்காலிகக் குடியிருப்பு, பெற்றோரின் பூசல், ஊர் மாற்றம் ஆகியவை பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் நடுங்கவைத்தன.

2000-ஆம் ஆண்டில் ஹியோகோ மாநிலம் ஆசிரியரைக் கொண்ட துணைக்குழு ஒன்றை அமைத்தது. வேறு இடத்தில் பேரிடர் நேர்ந்தால், அங்குள்ள பள்ளிகளுக்குச் சென்று அவர்கள் உதவுவர். 2011 மார்ச்சில் வடகிழக்கு ஜப்பானை ஆழிப்பேரலை தாக்கியபோது அவர்கள் அங்கே சென்றனர். துயருற்ற ஆசிரியருக்கு, அதே துயரைக் கண்ட ஆசிரியரே துணை நிற்றல் என்பது இம்முறையின் சிறப்பு. 'நீர் சிறிது உறங்கும். நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று ஓர் ஆசிரியர் இன்னோர் ஆசிரியரிடம் சொல்லும் சொல்லுக்கு ஒரு தனி வலிமை உண்டு.

எட்டு மணிகள்

ஒசாக்காவின் இக்கேடா தொடக்கப் பள்ளி, ஆசிரியர் பயிற்சிப் பல்கலைக்கழகம் ஒன்றோடு இணைந்தது. 2001 ஜூன் 8 அன்று கத்தியோடு புகுந்த ஒருவன் எட்டுப் பிள்ளைகளைக் கொன்றான். பிள்ளைகள் பதின்மூவரும் ஆசிரியர் இருவரும் காயமுற்றனர்.

அப்பள்ளி பத்து நாளில் திறக்கப்படவில்லை. இரண்டு மாதங்களுக்கு மேல் வகுப்பு நிறுத்தப்பட்டது. அவ்விடைக்காலத்தில் ஆசிரியரும் பல்கலைக்கழகத்தின் உளநூலாரும் குழுவாகப் பிள்ளைகளின் வீடுகளுக்குச் சென்றனர். ஆகஸ்ட் இறுதியில், கொலை நடந்த கட்டடத்தில் அல்லாமல், தற்காலிகக் கட்டடத்தில் பாடம் தொடங்கியது. பழைய கட்டடத்தைப் புதுப்பித்து மீண்டும் அங்கே சென்றது 2004-இல். 2003-இல் பல்கலைக்கழகத்தில் பள்ளி நெருக்கடிகளில் உளநலம் காக்கும் நடுவம் நிறுவப்பட்டது. ஒரு பள்ளியின் துயர் நாட்டின் பள்ளிகளுக்கெல்லாம் அறிவாயிற்று.

இவையனைத்தினும் மேலான ஒன்று 2003 ஜூன் 8 அன்று நிகழ்ந்தது. கல்வி அமைச்சும் பல்கலைக்கழகமும் பள்ளியும், பிள்ளைகளை இழந்த குடும்பங்களோடு உடன்படிக்கை செய்தன. பாதுகாப்பில் நேர்ந்த குறையை ஏற்று மன்னிப்புக் கேட்டன; இனி நேராதிருக்கச் செய்ய வேண்டியவற்றை உறுதி கூறின. அவ்வுறுதி வெறும் தாளாகவும் நின்றுவிடவில்லை. பாதுகாப்பு என்பதையே ஒரு பாடமாக அப்பள்ளி கற்பிக்கத் தொடங்கியது. 2010-இல் அனைத்துலகப் பாதுகாப்புப் பள்ளி என்னும் ஏற்பைப் பெற்ற முதல் ஜப்பானியப் பள்ளி அதுவே. வளாகத்தில் எட்டு மணிகள் தொங்கும் நினைவுக் கோபுரம் நிற்கிறது. ஆண்டுதோறும் அந்நாளில், அப்பிள்ளைகளை ஒருபோதும் கண்டிராத புதிய மாணவரும் அதன்முன் நின்று உறுதி எடுக்கின்றனர்.

உண்மையும் ஓர் உதவியே

அபர்வானையும் இக்கேடாவையும் ஒப்பிட்டால் ஒரு செய்தி தெளிவாகும். அபர்வானில் நிலக்கரி வாரியத்தின் தலைவர், மேட்டின் அடியிலிருந்த நீரூற்றை எவரும் அறிந்திருக்க முடியாது என்றார். ஊரிலுள்ள சிறுவரும் அதனை அறிந்திருந்தனர். நீதிபதி எட்மண்ட் டேவிஸ் தலைமையிலான விசாரணை மன்றம் 76 நாள் அமர்ந்து ஆராய்ந்தது. குற்றம் வாரியத்தினுடையதே என 1967 ஆகஸ்ட் 3 அன்று வெளியான அறிக்கை கூறிற்று. ஆயினும் எவரும் தண்டிக்கப்படவில்லை, பதவி இழக்கவும் இல்லை. இறப்புச் சான்றில் 'நிலக்கரி வாரியத்தால் உயிரோடு புதைக்கப்பட்டான்' என எழுதுமாறு ஒரு தந்தை பிண விசாரணையில் கேட்டார். அவர் கேட்டது பணமன்று. பெயர் சொல்லி உண்மையைச் சொல்லும் ஒரு வரி.

ஜப்பானின் இஷினோமாகி நகரத்து ஓக்காவா தொடக்கப் பள்ளியின் கதையும் இதுவே. 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கத்திற்கும் பேரலைக்கும் இடையே ஐம்பது நிமிடமளவு நேரம் இருந்தது. பள்ளிக்குப் பின்னே குன்றும் இருந்தது. ஆயினும் பிள்ளைகள் பள்ளி முற்றத்திலேயே நிறுத்தப்பட்டிருந்தனர். பள்ளியின் 108 மாணவருள் 74 பேரும் ஆசிரியர் பதின்மரும் மாண்டனர். அந்த ஐம்பது நிமிடத்தில் நடந்தது என்ன என்பதே பெற்றோர் கேட்ட கேள்வி. அதிகாரிகளின் விளக்கம் அவர்களை நிறைவு செய்யவில்லை. 23 பிள்ளைகளின் குடும்பத்தார் 2014-இல் வழக்குத் தொடுத்தனர். முன்னரே தக்க திட்டம் வகுக்காதது பள்ளியும் நகராட்சியும் செய்த தவறு என 2018-இல் செண்டாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019-இல் உச்சநீதிமன்றம் அதனை உறுதி செய்தது. மடிந்த ஆசிரியர் பதின்மரையும் துயருற்றோராகவே கருத வேண்டும். ஆயினும் அவர் கையில் தெளிவான திட்டம் ஒன்று முன்பே இருந்திருக்குமாயின் என்ற ஏக்கம் எவரையும் விடாது.

இடத்தை என்செய்வது என்ற வினாவுக்கு ஒவ்வோர் ஊரும் ஒவ்வொரு விடை கண்டது. அபர்வானில் பள்ளியிருந்த இடம் நினைவுப் பூங்காவாயிற்று. 1996 மார்ச்சில் பதினாறு பிள்ளைகளும் அவர் ஆசிரியையும் சுடப்பட்டு இறந்த ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில், அந்த உடற்பயிற்சிக் கூடத்தை அடுத்த மாதமே இடித்துவிட்டனர். இக்கேடா தன் கட்டடத்தைப் புதுப்பித்தது. ஓக்காவாவின் இடிபாடு, இடிப்பதா காப்பதா என ஊரே இரண்டுபட்டு வாதிட்டபின், காக்கப்பட்டு 2021 முதல் மக்கள் காண நிற்கிறது. இவற்றுள் எது சரி, எது தவறு எனப் பிறர் தீர்ப்பளித்தல் இயலாது. இழந்தவரைக் கேட்டு முடிவு செய்தார்களா என்பதே அளவுகோல்.

வரலாறு காட்டும் நெறி

மேற்கண்ட வரலாறு ஆசிரியப் பெருமக்களுக்குச் சில நெறிகளைக் காட்டுகிறது.

முதலாவது, செய்தியைப் பள்ளியே சொல்லுதல். பிள்ளைகள் வதந்தியாகக் கேட்பதற்கு முன், அவர்க்கு அறிமுகமான ஆசிரியர், சிறு சிறு குழுவினரிடம், எளிய சொல்லில், உண்மையைச் சொல்ல வேண்டும். 'தூங்கிவிட்டான்', 'தூரம் போய்விட்டான்' என்னும் மறைமொழி சிறுபிள்ளையை உறங்கவும் பயணம் போகவும் அஞ்சவைக்கும்.

இரண்டாவது, அன்றாட ஒழுங்கைக் காத்தல். மணி அடித்தல், பாடம், விளையாட்டு, சாப்பாடு ஆகியவை உரிய நேரத்தில் நடப்பதே பிள்ளைக்கு ஒரு தைரியம். ஆனால் ஒழுங்கு வேறு, அவசரம் வேறு. பாடம் குறைந்தாலும் குற்றமில்லை. அழ விரும்பும் பிள்ளை வெளியே சென்று அமர ஓர் இடமும், உடன் அமர ஒரு பெரியவரும் இருக்க வேண்டும்.

மூன்றாவது, பெயரைப் போற்றுதல். மறைந்த பிள்ளையின் நாற்காலியை ஓரிரவில் யாரும் அறியாமல் அகற்றுதல் கூடாது. எப்போது எடுப்பது, எங்கே வைப்பது என்பதை வகுப்பே பேசி முடிவு செய்யட்டும். குடும்பத்தாரின் கருத்தையும் கேட்க வேண்டும்.

நான்காவது, நாட்களை நினைவில் வைத்தல். முதலாண்டு நிறைவு, பிறந்த நாள், பெருமழை பெய்யும் நாள் ஆகியவற்றில் அடங்கியிருந்த துயர் மீண்டும் எழும். அபர்வான் பிள்ளைகள் கெட்ட வானிலைக்கு அஞ்சினர். அந்நாட்களைத் தலைமையாசிரியர் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்தல் நன்று. ஆசிரியர் மாறிச் சென்றாலும் குறிப்பு மாறாது இருக்க வேண்டும்.

ஐந்தாவது, ஆசிரியரைக் காத்தல். எல்லா நாட்டிலும் இறுதியாக நினைக்கப்பட்டவர் இவரே. பிள்ளைகள்முன் உறுதியாக நிற்கும் ஆசிரியர் எங்கேனும் தளர்ந்து அமர இடம் வேண்டும். வகுப்பை ஏற்க மாற்று ஆசிரியர், நாள்முடிவில் கூடிப் பேச ஒரு மணி நேரம், விடுப்பு கேட்டால் ஏசாத மேலதிகாரி ஆகிய இம்மூன்றும் பெரும்பொருட் செலவில்லாத உதவிகள். இவை இல்லாத பள்ளியில் நல்லாசிரியர் ஓரிரு ஆண்டில் நோயுறுவர், அல்லது விலகிச் செல்வர்.

ஆறாவது, பொறுப்பை ஏற்றல். தவறு பள்ளியினுடையதாயின் அதனைச் சொல்லுதல். அன்றெனின், நடந்ததை முழுமையாக விளக்குதல். மழுப்பும் பள்ளியை எந்தப் பெற்றோரும் மீண்டும் நம்பார். நம்பிக்கை இழந்த இடத்தில் மற்றெந்த உதவியும் வேரூன்றாது.

நியூ லண்டனின் பத்து நாளுக்கும் இக்கேடாவின் இரண்டு மாதத்திற்கும் இடையே அறுபத்துநான்கு ஆண்டுகள் கழிந்தன. அவ்வாண்டுகளில் மனிதகுலம் கற்றுக்கொண்டது புதிய மருந்தன்று. பிள்ளையின் துயரும் பெரியோரின் துயரைப் போன்றதே என்பதையும், ஆசிரியரும் பிள்ளையை இழந்தவரே என்பதையும், திட்டம் என்பது துயர் வருமுன் எழுதப்பட வேண்டியது என்பதையுமே கற்றது. ஒவ்வொரு பள்ளியிலும் தீயணைப்புப் பயிற்சிக்கு ஒரு நாள் குறிக்கப்படுகிறது. தீ அணைந்தபின் செய்ய வேண்டியவற்றை ஆசிரியர் கூடி எண்ணவும் ஒரு நாள் குறித்தல் வேண்டும். அத்திட்டம் எழுதிய தாள் அலுவலகப் பெட்டியில் பயன்படாமலே பழுத்துக் கிழியுமாயின், அதனினும் பேறு வேறில்லை.